நோட்டிஃபிகேஷன் வரவில்லையா? எங்கே தேங்கியது என்று கண்டுபிடிக்கும் வழி

"தம்பி, ஆர்டர் வந்தா மணி அடிக்கும்னு சொன்னியே, ஒண்ணும் அடிக்கலையே!"

ஒரு பால் டெப்போவுக்கு ஆர்டர் ஆப் எழுதிக் கொடுத்த புதிதில், விடிகாலை 5 மணிக்கு இந்த அழைப்பு வராத நாள் குறைவு. என் மேசையில் இருந்த போனிலோ ஒவ்வொரு ஆர்டருக்கும் மணி ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எழுதிய ஆப்களிலும் இதே புகார், வேறு வேறு முகத்தோடு. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தேட அலுத்துப்போய், அறிகுறிவாரியாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஆண்ட்ராய்டு, ஃபயர்பேஸ் க்ளவுட் மெசேஜிங் (செய்தியைப் போனுக்குக் கொண்டுசேர்க்கும் கூகுள் சேவை, இனி எஃப்சிஎம்) இரண்டையும் வைத்து எழுதியது. ஐஃபோனுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

எதைத் தொடுவதற்கும் முன்

செய்தி மூன்று கை மாறுகிறது. உங்கள் சர்வர் எஃப்சிஎம்மிடம் கொடுக்கிறது, எஃப்சிஎம் போனிடம் கொடுக்கிறது, போன் அதைத் திரையில் காட்டுகிறது. எந்தக் கையில் நின்றது என்று தெரியாமல் கோடிங்கில் கை வைக்காதீர்கள்.

அதற்கு இரண்டு நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. புகார் வந்த போனின் டோக்கனை (அந்தப் போனில் உள்ள உங்கள் ஆப்புக்கு எஃப்சிஎம் கொடுக்கும் முகவரி) எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பை பின்னணிக்குத் தள்ளிவிட்டு, ஃபயர்பேஸ் கன்சோலின் மெசேஜிங் பக்கத்திலிருந்து அந்த டோக்கனுக்கு மட்டும் ஒரு சோதனைச் செய்தி அனுப்புங்கள். ஆப் முன்னால் திறந்திருந்தால் இந்தச் சோதனைச் செய்தி தானாகத் திரையில் தெரியாது. அது தெரியாமல் "கன்சோலிலிருந்தும் வரவில்லை" என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன்.

வந்துவிட்டதா? போன் பக்கம் பெரும்பாலும் சரி, சர்வரைப் பாருங்கள். வரவில்லையா? சர்வரை விடுங்கள், போனைப் பாருங்கள். இதைச் செய்யாமல் ஒருமுறை இரண்டு நாள் சர்வர் பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதினேன். கடைசியில் பார்த்தால் அந்தப் போனில் அனுமதியே கொடுக்கவில்லை.

ஆப்பின் அமைப்புகள் பக்கத்தில், ஏழு முறை தட்டினால் டோக்கனைக் காட்டும் ஒரு மறைவான வரியை வைத்துவிடுங்கள். "டோக்கனை அனுப்புங்க" என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேறு சுலப வழி இல்லை.

அறிகுறி 1: ஒருவருக்குமே வரவில்லை

இது நல்ல செய்தி. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நின்றால் காரணம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் சர்வரில் இருக்கும்.

எஃப்சிஎம் திருப்பி அனுப்பும் பதிலை முழுதாக லாக்கில் அச்சிடுங்கள். பல ஆப்களில் அனுப்பிவிட்டுப் பதிலைப் பார்க்காமலேயே விட்டிருப்பார்கள். பதிலில் வரும் எண்ணைப் பொறுத்து:

401 வந்தால், அனுமதிச் சாவி காலாவதி. புதிய எச்டிடிபி வி1 முறையில் அணுகல் டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரம். யாரோ ஒருமுறை எடுத்து கோடிங்கில் ஒட்டிவைத்திருப்பார்கள். காலையில் டெமோ அருமையாக ஓடும், மதியம் செத்துவிடும். ஃபயர்பேஸின் சர்வர் நூலகமான அட்மின் எஸ்டிகே-வைப் பயன்படுத்தினால் அதுவே புதுப்பித்துக்கொள்ளும். அப்படியும் சாவி வாங்கும்போதே பிழை என்றால் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடங்கள் பிசகியிருந்தாலே கூகுள் கையெழுத்தை ஏற்காது.

404 வந்தால், ஒரே ஒரு டோக்கனுக்கா, எல்லாவற்றுக்குமா என்று பிரித்துப் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் என்றால் அந்த டோக்கன் பழசு, அறிகுறி 2-ஐப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் உங்கள் கோடிங் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். பழைய எஃப்சிஎம் முறையை 2023 ஜூனில் கைவிடுவதாக அறிவித்து, 2024 ஜூலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பழைய பாடங்களைப் பார்த்து எழுதிய ஆப்கள் அப்போது கூட்டமாகப் படுத்தன. சர்வர் கீ ஒன்றைத் தலைப்பில் வைத்து அனுப்பும் கோடிங் கண்ணில் பட்டால் அதுதான். மாற்றி எழுத அரை நாள் வேலை.

403, அனுப்புநர் பொருந்தவில்லை என்றால், டோக்கன் ஒரு ஃபயர்பேஸ் புராஜெக்டிலிருந்தும் சாவி இன்னொன்றிலிருந்தும் வருகிறது. சோதனைக்கு ஒன்று, நேரடிக்கு ஒன்று வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் ஒருமுறை நடக்கும்.

400 வந்தால், அனுப்பிய சரக்கில் பிழை. வி1 முறையில் டேட்டா பகுதியில் இருக்கும் மதிப்புகள் எல்லாம் எழுத்துச் சரமாகத்தான் இருக்க வேண்டும். பால் ஆப்பில் தொகையை 240 என்று எண்ணாகவே அனுப்பியிருந்தேன், மேற்கோள் குறி போட்டதும் ஓடியது. மொத்தச் சரக்கு 4096 பைட்டைத் தாண்டினாலும் திரும்பி வரும். முழு ஆர்டரையும் செய்திக்குள் திணிக்காதீர்கள். ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பி, மீதியை ஆப் சர்வரிடம் கேட்டு வாங்கட்டும்.

பதில் 200, அதாவது வெற்றி, என்று வந்தும் ஒருவருக்கும் காணோம் என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

அறிகுறி 2: எனக்கு வருகிறது, சிலருக்கு மட்டும் வரவில்லை

புகார்களில் பெரும்பகுதி இதுதான். புகார் செய்தவரிடம் முதலில் மூன்று விஷயம் கேளுங்கள்: போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செட்டிங்ஸில் உங்கள் ஆப்பின் நோட்டிஃபிகேஷன் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். மூன்றாவதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

*அனுமதி கொடுக்கவில்லை.* 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிஃபிகேஷனுக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். புதிதாக நிறுவிய ஆப்பில் அது மூடியே இருக்கும். பயனர் இரண்டு முறை வேண்டாம் என்றால், அப்புறம் நீங்கள் கேட்டாலும் பெட்டி வராது. அதனால் ஆப் திறந்த முதல் நொடியிலேயே கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் தட்டுவார்கள். முதல் ஆர்டர் போட்டதும் "ஆர்டர் நிலவரம் தெரிவிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அனுமதிப் பெட்டியைக் காட்டுங்கள். ஏற்கெனவே மறுத்தவர்களுக்கு, செட்டிங்ஸ் பக்கத்தை நேராகத் திறக்கும் ஒரு பட்டன்.

*சேனலை அணைத்துவிட்டார்.* 2017-ன் ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு செய்தியும் ஒரு சேனலுக்குள், அதாவது பயனர் தனித்தனியாக அணைக்கக்கூடிய ஒரு பிரிவுக்குள் போகிறது. ஆஃபர், ஆர்டர் இரண்டையும் ஒரே சேனலில் அனுப்பினால், ஆஃபர் தொல்லை தாங்காமல் அவர் அணைப்பதில் ஆர்டரும் சேர்ந்து அணையும். குறை நம்முடையதுதான். சேனலைப் பிரியுங்கள்.

*டோக்கன் பழசு.* ஆப்பை நீக்கித் திரும்ப நிறுவினாலும், ஆப் டேட்டாவை அழித்தாலும், புதுப் போனுக்கு மாறினாலும் டோக்கன் மாறும். புது டோக்கன் வரும்போது சர்வருக்குச் சொல்லும் ஆன்-நியூ-டோக்கன் இடம் காலியாகவே கிடக்கிறதா பாருங்கள். நான் அதை மட்டும் நம்பாமல், லாகின் ஆகும்போதும் ஆப் திறக்கும்போதும் ஒருமுறை அனுப்பிவிடுகிறேன். 270 நாள் தொடர்பே இல்லாத ஆண்ட்ராய்டு டோக்கனை எஃப்சிஎம் காலாவதியாக்கிவிடும். 'பதிவு நீங்கியது' என்று பதில் வந்தால் உடனே உங்கள் டேட்டாபேஸிலிருந்தும் தூக்கிவிடுங்கள்.

*போன் ஆப்பைக் கொன்றுவிட்டது.* இங்கேதான் தலைமுடி உதிரும். சுத்த ஆண்ட்ராய்டில் சமீபத்திய ஆப் பட்டியலிலிருந்து மேலே தள்ளினால் செய்தி நிற்காது. ஆனால் நம் ஊரில் அதிகம் விற்கும் சில பிராண்டு போன்களில் அப்படித் தள்ளுவதே ஃபோர்ஸ் ஸ்டாப் மாதிரி ஆகிவிடும். ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்புக்கு, பயனர் திரும்பக் கையால் திறக்கும்வரை எஃப்சிஎம் செய்தி போகாது. டெப்போவில் ஒருநாள் காலை நின்று பார்த்தேன். வண்டி எடுக்கும் பையன் பாட்டு மாற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் மூன்று கோடு பட்டனைத் தட்டி, அடியில் இருந்த பெருக்கல் குறியையும் ஒரு தட்டு. எல்லா ஆப்பும் போயிற்று, நம்முடையதும் போயிற்று. "ஏன் தம்பி க்ளியர் பண்றே?" என்றேன். "சார்ஜ் நிக்கும்ணே."

இதற்கு கோடிங்கில் தீர்வு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட் அனுமதி, மற்ற பிராண்டுகளில் பேட்டரி பகுதியில் பின்னணி அனுமதி, இல்லை சமீபத்திய பட்டியலில் ஆப்பைப் பூட்டி வைப்பது. பிராண்டுக்குப் பிராண்டு இடம் வேறு, பெயர் வேறு. 'டோன்ட் கில் மை ஆப்' என்ற தளம் பிராண்டுவாரியாக இதைத் தொகுத்து வைத்திருக்கிறது. உங்கள் வாடிக்கையாளர்களிடம் அதிகமாக இருக்கும் மூன்று பிராண்டுக்கு மட்டும் தமிழில் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு உதவிப் பக்கம் ஆப்பிலேயே வையுங்கள். எனக்கு அழைப்பு குறைந்தது அதனால்தான்.

*மாதக்கணக்கில் திறக்காத ஆப்.* ஆண்ட்ராய்டு 12 முதல் சில மாதம் தொடாத ஆப்பை உறங்கவைத்துவிடும். உயர் முன்னுரிமைச் செய்தி (அறிகுறி 4) அனுப்பினாலும் அந்த ஆப்புக்கு எட்டாது. பள்ளி ஆப்களில் கோடை விடுமுறை முடிந்ததும் வரும் புகார்களில் இதையும் பாருங்கள்.

*கூகுள் சேவையே இல்லாத போன்.* 2019-க்குப் பிறகு வந்த ஹுவாவே மாடல்கள் இப்படித்தான். எஃப்சிஎம் அவற்றில் வேலை செய்யாது. அவர்களுடைய புஷ் சேவையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் இதற்காகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வாடிக்கையாளர்கள் இருந்தால் முதலில் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டு முடிவெடுங்கள்.

அறிகுறி 3: ஆப் திறந்திருந்தால் ஒரு மாதிரி, மூடியிருந்தால் ஒரு மாதிரி

செய்தியில் இரண்டு வகை. நோட்டிஃபிகேஷன் வகை, ஆப் பின்னால் இருக்கும்போது ஆண்ட்ராய்டு தானே காட்டிவிடும், உங்கள் கோடிங் ஓடாது. முன்னால் இருந்தால் காட்டாமல் உங்களிடம் கொடுத்துவிடும். டேட்டா வகை எப்போதும் உங்களிடமே வரும், காட்டுவது உங்கள் பொறுப்பு.

மூடியிருக்கும்போது வருகிறது, திறந்திருக்கும்போது வரவில்லை என்றால், ஆன்-மெசேஜ்-ரிசீவ்டு பகுதியில் நோட்டிஃபிகேஷனை நீங்களே உருவாக்கிக் காட்டவில்லை. ஐந்து வரி வேலை.

திறந்திருக்கும்போது உங்கள் படம், பட்டன், தனிச் சத்தம் எல்லாம் சரி, மூடினால் மொட்டையாக வருகிறது என்றால், நீங்கள் அனுப்புவது நோட்டிஃபிகேஷன் வகை, அல்லது இரண்டையும் கலந்தது. டேட்டா மட்டும் அனுப்பிப் பாருங்கள்.

டேட்டா மட்டும் அனுப்பியும் மூடினால் வரவில்லை என்றால், முன்னுரிமையைப் பாருங்கள். டேட்டா வகைக்கு இயல்பாகவே சாதாரண முன்னுரிமைதான். அடுத்த அறிகுறியும் அதைப் பற்றியதுதான். இன்னொன்று: கன்சோலின் சோதனைச் செய்தி நோட்டிஃபிகேஷன் வகை. அது வந்துவிட்டதால் உங்கள் டேட்டா செய்தியும் வரும் என்று அர்த்தமில்லை.

அறிகுறி 4: தாமதமாக வருகிறது, போனை எடுத்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது

டெப்போ புகாரின் உண்மையான காரணம் இதுதான். ராத்திரி முழுக்க போன் சார்ஜில் இல்லாமல், பால் பெட்டி மேல் அசையாமல் கிடக்கும். 4 மணியிலிருந்து ஐந்தாறு ஆர்டர் வந்திருக்கும். 5 மணிக்கு டெப்போ அண்ணன் கையில் எடுத்ததும் அத்தனையும் சேர்ந்து அடிக்கும். "இப்ப அடிச்சு என்ன பண்ண?" நியாயமான கேள்வி.

2015-ன் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த டோஸ் முறை இது. திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசைவில்லாமல் கிடக்கும் போன் தூங்கப் போகிறது. சாதாரண முன்னுரிமைச் செய்திகள் அது அவ்வப்போது கண் விழிக்கும்வரை காத்திருக்கும். உயர் முன்னுரிமை என்றால் எழுப்பிவிடும்.

முதலில் சர்வர் அனுப்பும் செய்தியில் ஆண்ட்ராய்டு பகுதிக்குள் முன்னுரிமை ஹை என்று இருக்கிறதா பாருங்கள். டேட்டா பகுதிக்குள் எழுதியிருந்தால் அது வெறும் சொல்லாகப் போய்ச் சேரும், வேலை செய்யாது. நான் அங்கேதான் எழுதியிருந்தேன்.

சரிசெய்ததை உறுதிப்படுத்த ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். போனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, ஏடிபி ஷெல்லில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) முதலில் 'டம்ப்சிஸ் பேட்டரி அன்ப்ளக்', அடுத்து திரையை அணைத்துவிட்டு 'டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்'. போன் உடனே தூங்கிவிடும், செய்தி அனுப்பிப் பாருங்கள். முடிந்ததும் 'டிவைஸ்ஐடில் அன்ஃபோர்ஸ்', 'பேட்டரி ரீசெட்' இரண்டையும் மறக்காதீர்கள். மறந்துவிட்டு, சார்ஜ் ஏறவில்லையே என்று கேபிளை மாற்றிய ஆள் நான்.

எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அனுப்பிய உயர் முன்னுரிமைச் செய்திகள் திரையில் எதையும் காட்டாமலே போய்க்கொண்டிருந்தால், எஃப்சிஎம் அவற்றைச் சாதாரணத்துக்கு இறக்கிவிடும். பின்னணியில் சத்தமில்லாமல் டேட்டா புதுப்பிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

அலுவலக வைஃபையில் மட்டும் தாமதம், மொபைல் டேட்டாவில் உடனே வருகிறது என்றால், ஃபயர்வால் 5228 முதல் 5230 வரையான போர்ட்களைத் தடுத்திருக்கலாம். நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொன்னால் ஐந்து நிமிட வேலை. பல போன்களில் டயலரில் \*#\*#426#\*#\* அடித்தால் எஃப்சிஎம் இணைப்பு நிலவரம் திறக்கும், அதைப் பார்த்துவிட்டே அவரிடம் போங்கள்.

பழைய செய்தி தாமதமாக வந்து குழப்புவதும் ஒரு தொல்லை. ஆயுட்காலம் சொல்லாவிட்டால் எஃப்சிஎம் நாலு வாரம் வரை வைத்திருந்து கொடுக்கும். ஓடிபி-க்கும் "வண்டி வாசலில்" செய்திக்கும் நாலு வாரம் எதற்கு? சில நிமிடம் போதும்.

அறிகுறி 5: வருகிறது, சத்தமில்லை, அல்லது வெள்ளைக் கட்டம் தெரிகிறது

சத்தம், முக்கியத்துவம் எல்லாம் சேனல் உருவாகும்போதே உறைந்துவிடும். அப்புறம் கோடிங்கில் மாற்றினாலும் ஏறாது. அதே பெயரில் அழித்து உருவாக்கினாலும் பழைய அமைப்பே திரும்பி வரும். புது சேனல் ஐடி கொடுங்கள், வேறு வழியில்லை. செய்தியில் சேனல் சொல்லாமல் அனுப்பினால் எஃப்சிஎம் தானே ஒரு பொதுச் சேனலில் போட்டுவிடும், உங்கள் மணிச் சத்தம் அதில் இருக்காது.

ஐகான் வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தால், வண்ண லோகோவைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒளிபுகும் பின்னணியில் வெள்ளை உருவமாக வரைந்து கொடுங்கள்.

அறிகுறி 6: இரண்டிரண்டாக வருகிறது, அல்லது அடுத்தவருடையது வருகிறது

இரண்டாக வந்தால்: ஒரே ஆளுக்கு டேட்டாபேஸில் இரண்டு டோக்கன் இருக்கிறதா, டோக்கனுக்கும் டாபிக்குக்கும் (பலருக்கு ஒன்றாக அனுப்பும் குழு) சேர்த்து அனுப்புகிறீர்களா என்று பாருங்கள். சர்வர் பதிலுக்குக் காத்திராமல் மறுமுறை அனுப்பியிருந்தாலும் இப்படி ஆகும். ஆர்டர் எண்ணையே நோட்டிஃபிகேஷன் அடையாளமாக வைத்தால் இரண்டாவது வந்து முதலாவதன் மேலேயே உட்காரும்.

அடுத்தவருடையது வருவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அன்றே சரிசெய்யுங்கள். ஒரே போனில் அண்ணன் வெளியேறி தம்பி லாகின் செய்திருப்பான், டோக்கன் இன்னும் அண்ணன் பெயரில் இருக்கும். வெளியேறும்போது சர்வரில் டோக்கனை நீக்குங்கள். லாகின் ஆகும்போது அந்த டோக்கன் வேறு யார் பெயரில் இருந்தாலும் அங்கிருந்து எடுத்துவிட்டு இவர் பெயரில் போடுங்கள்.

அறிகுறி 7: என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, ப்ளே ஸ்டோர் பதிப்பில் இல்லை

ரிலீஸ் பில்டை ப்ளே ஸ்டோருக்கு ஏற்றுமுன் உங்கள் போனிலேயே நிறுவிப் பாருங்கள், அங்கேயே பிழை தெரியும். பெரும்பாலும் ரிலீஸ் கோடிங்கைச் சுருக்கும் ஆர்8 என்ற கருவி உங்கள் டேட்டா வகுப்புகளின் பெயரை மாற்றியிருக்கும், ஜேசனைப் பிரிக்கும்போது எல்லாம் காலியாக வரும். அந்த வகுப்புகளை விட்டுவிடச் சொல்லி விதி எழுதுங்கள். அடுத்தது, டீபக் பில்டின் பேக்கேஜ் பெயர் வேறாக இருந்து, ரிலீஸ் பெயருக்கு ஃபயர்பேஸில் பதிவே செய்யாமல் விட்டிருப்பது.

அறிகுறி 8: ஐஃபோனில் மட்டும் வரவில்லை

ஐஃபோனுக்குச் செய்தி அனுப்ப ஆப்பிள் தரும் பி8 சாவியை ஃபயர்பேஸில் ஏற்றினீர்களா, எக்ஸ்கோடில் புஷ் நோட்டிஃபிகேஷன் வசதியைச் சேர்த்தீர்களா, இரண்டும்தான் முதலில். பி8 சாவியை ஆப்பிள் ஒரே ஒருமுறைதான் பதிவிறக்க விடும், பத்திரமான இடத்தில் வையுங்கள். பழைய பி12 சான்றிதழில் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆண்டுக்கொருமுறை காலாவதியாகும். "போன வருஷம் இதே மாசம் நின்னுச்சே" என்று யாராவது சொன்னால் அதுதான் காரணம்.

எப்போது வேறு ஆளைக் கூப்பிடுவது

ஃப்ளட்டர் அல்லது ரியாக்ட் நேட்டிவில் எழுதியிருக்கிறீர்கள், கன்சோல் செய்தி வருகிறது, டேட்டா செய்தி மட்டும் செயலி மூடியதும் காணாமல் போகிறது, முன்னுரிமையும் சரி என்றால், ப்ளகின்னுக்குள் இறங்க வேண்டும். நேட்டிவ் ஆண்ட்ராய்டு தெரிந்த ஒருவரை ஒருநாள் கூலிக்குப் பிடியுங்கள். நீங்களே கற்று முடிப்பதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார்.

சர்வர் சாவி வெளியே கசிந்திருக்கிறது, உங்கள் பெயரில் யாரோ செய்தி அனுப்புகிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், சாவியை உடனே முடக்கிவிட்டு, க்ளவுட் அனுமதிகள் தெரிந்தவரை அன்றே கூப்பிடுங்கள்.

ஒரு செய்தி தவறினால் பணமோ மருந்தோ தவறும் என்ற தொழிலாக இருந்தால், நோட்டிஃபிகேஷனைச் சரிசெய்வதோடு நிற்காதீர்கள். எஸ்எம்எஸ் அல்லது தானியங்கி அழைப்பு ஒன்றை மாற்றாக வையுங்கள். இந்தியாவில் எஸ்எம்எஸ்ஸுக்கு டிஎல்டி பதிவும் (வணிகச் செய்தி அனுப்புவோரைப் பதியும் முறை) ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒப்புதலும் வேண்டும், அதனால் இதைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல் எஸ்எம்எஸ் சேவை தருபவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். டெப்போவில் இப்போது மூன்று நிமிடத்தில் ஆர்டரைத் திறக்கவில்லை என்றால் அண்ணனுக்குப் போன் அடிக்கும்.

யாரைக் கூப்பிட்டாலும் கையில் இவை இருக்கட்டும்: போன் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும், அந்தப் போனின் டோக்கன், அனுப்பிய நேரம், எஃப்சிஎம் திருப்பித் தந்த செய்தி அடையாளம், நீங்கள் அனுப்பிய முழுச் சரக்கு. வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரியை அதிலிருந்து அடித்துவிட்டுக் கொடுங்கள்.